ஆறாம் மாதத்து இப்போன் மீன்களைத் துறையே உண்டுவிட்டது குறித்து

அனுப்புநர்:
ஜோவலின் ஏ. பக்டிலாவ்,
இளநிலை உயிரியல், நான்காம் ஆண்டு,
மகளிர் விடுதி, அறை 9,
சான் வெனான்சியோ பல்கலைக்கழகம்,
இலோகோஸ் நோர்த்தே, பிலிப்பைன்ஸ்.

பெறுநர்:
முனைவர் எலிசியோ ரபானெஸ் அவர்கள்,
துணைத் தலைவர் (கல்வி),
சான் வெனான்சியோ பல்கலைக்கழகம்.

வழி:
பேராசிரியர் தும்லாவ் அவர்கள், தலைவர், உயிரியல் துறை.

பொருள்: இறுதியாண்டு ஆய்வேட்டுக்குரிய பிப்ரவரி மாத மீன் மாதிரிகள் துறைச் சிற்றுண்டியில் பரிமாறப்பட்டமை – ஆய்வேடு "முடிவுறாதது" என ஆணையிடப்பட்டமை – மார்ச் 31 வரை அவகாசம் வேண்டியும், துறை எழுத்தர் மீதான நடவடிக்கையைக் கைவிட வேண்டியும் மனு.

பார்வை:
(அ) உயிரியல் துறை ஆணை, நாள் 27 பிப்ரவரி 2025.
(ஆ) துறை எழுத்தரிடம் விளக்கம் கேட்டு அனுப்பிய குறிப்பாணை, அதே நாள்.
(இ) ஸ்பிரிட் கோரும் சீட்டு, நாள் 31 ஜனவரி 2025. தங்கள் மேசையில் உள்ளது.

மதிப்பும் பணிவும் நிறைந்த வணக்கம், ஐயா.

1. நான் உயிரியல் துறையின் நான்காம் ஆண்டு மாணவி. எங்கள் வகுப்பில் ஒன்பது பேர். துறையில் வேலை செய்கிற நுண்ணோக்கிகள் நான்கு. என் ஆய்வு நெறியாளர் முனைவர் தாபியோஸ் மரபியலும் தாவரவியலும் கற்பிக்கிறார், களப்பயணத்தின்போது வேனையும் அவரே ஓட்டுகிறார். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. பெரிய பல்கலைக்கழகத்தில் சேர்ந்த என் பள்ளித் தோழி மூன்றாண்டுகளில் தன் நெறியாளரை இருமுறைதான் பார்த்திருக்கிறாள். நான் என் நெறியாளரைத் தினமும் பார்க்கிறேன். பல நாள் என் விருப்பத்துக்கு மாறாகவும் பார்க்கிறேன்.

2. என் ஆய்வு, எங்கள் ஊரான சபாங்கானின் கழிமுகத்தில் கடலிலிருந்து ஆற்றுக்கு ஏறி வருகிற இப்போன் மீன்குஞ்சுகளைப் பற்றியது. கண்ணாடிபோல் உடல் கொண்ட, ஒரு விரற்கட்டு நீளம்கூட வராத அந்தக் குஞ்சுகளைத் தாங்கள் அறிவீர்கள். எல்லாரும் ஒரே பெயரில் அழைத்து ஒரே சட்டியில் போடுகிற அந்தக் கூட்டத்தில் உண்மையில் எத்தனை வகை மீன்கள் உள்ளன, எந்த மாதத்தில் எது மிகுதி என்று கண்டறிவதே என் வேலை. செப்டம்பர் முதல் பிப்ரவரி வரை ஆறு மாதம், ஒவ்வொரு மாதமும் பௌர்ணமிக்குப் பின் ஏழாம் நாள் விடியலில் கழிமுகத்துக்குச் சென்று ஒரு கிலோவுக்குக் குறையாமல் மாதிரி எடுக்க வேண்டும் என்பது ஆய்வுக்குழு எனக்கு விதித்த நிபந்தனை.

3. எங்கள் ஊரில் முதல் வலையில் விழுவதை விற்பதில்லை. கரையில் நிற்பவர்களுக்கு ஆளுக்கு ஒரு கை பங்கிட்டுக் கொடுத்துவிட்டுத்தான் அடுத்த வலை வீசுவார்கள். ஆறு மாதமும் அந்த முதல் வலையை முழுதாக எனக்கே விட்டுக்கொடுத்தார்கள். சும்மா கொடுக்கவில்லை. கேலியோடு கொடுத்தார்கள். என் சித்தி, "டாக்டருக்குப் படிக்கப் போறேன்னு சொல்லிட்டுப் போனியே, மீனுக்கா டாக்டரு?" என்றார். என் அப்பா வலையை உதறியபடி, "நாலு வருஷம் படிச்சு நம்ம வீட்டுக் கொழம்பயா எண்ணிக்கிட்டு இருக்க. எண்ணி முடிச்சதும் சொல்லு, பொரிக்கணும்" என்றார். அப்பாவின் இந்த வாக்கு பிற்பாடு வேறு விதமாகப் பலித்துவிட்டதால் இங்கே குறிப்பிடுகிறேன்.

4. செப்டம்பர் முதல் ஜனவரி வரை ஐந்து மாதங்களின் மாதிரிகளும் ஸ்பிரிட் ஊற்றிய கண்ணாடிக் குடுவைகளில் பத்திரமாக உள்ளன. பதினோராயிரத்துச் சொச்சம் குஞ்சுகளை ஊசிமுனையால் புரட்டிப் புரட்டி எண்ணியிருக்கிறேன். ஜனவரி மாதிரியோடு துறையின் ஸ்பிரிட் தீர்ந்தது. ஜனவரி 31 அன்றே கோரிக்கைச் சீட்டு எழுதி, நெறியாளரும் துறைத் தலைவரும் கையொப்பமிட்டு, தங்கள் அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டது. தங்களுக்கு எத்தனையோ பெரிய வேலைகள். பிப்ரவரி 19 அன்று, அதாவது பத்தொன்பதாம் நாள், நான் பண்டகசாலையில் கேட்டபோது பொறுப்பாளர், "மேல இருந்து சீட்டு எறங்கல. எறங்கினா நானே ஓடி வந்து குடுக்கறேன்" என்றார். மீன்களுக்கு அந்தச் சீட்டைப் பற்றித் தெரியாது. அவை அன்று விடியலிலேயே வந்துவிட்டன.

5. ஸ்பிரிட் இல்லாத நிலையில் மாதிரி கெடாமலிருக்க உறைய வைப்பது ஒன்றே வழி. ஆய்வுக்கூடத்தின் உறைபெட்டி டிசம்பரிலிருந்து பழுது. ஆகவே ஒரு கிலோ இருநூறு கிராம் இப்போனை, எங்கள் வீட்டில் மீன் வைக்கப் பயன்படுகிற பழைய ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு, பனிக்கட்டி அடுக்கி, பேருந்தில் மடியில் வைத்துக் கொண்டுவந்து, துறை அலுவலகக் குளிர்பெட்டியின் உறைதட்டில் வைத்தேன். காலை பத்து மணிக்குப் புள்ளியியல் வகுப்பு. ஓடிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. இது என் முதல் தவறு.

6. இரண்டாவது தவறு, டப்பாவின் மேலே நான் எதுவும் எழுதாதது. முதலாண்டில் முனைவர் தாபியோஸ் எங்களுக்குக் கற்பித்த முதல் பாடமே, அடையாளச் சீட்டைக் குடுவைக்கு வெளியே ஒட்டாதே, ஸ்பிரிட் பட்டால் உரிந்துவிடும், கெட்டித் தாளில் பென்சிலால் எழுதி மாதிரியோடு உள்ளே போடு என்பதுதான். நான்காண்டு அப்படியே செய்து பழகிய கை. இடம், நாள், நேரம், எடை, எடுத்தவர் பெயர் எல்லாம் தெளிவாக எழுதி, மீன்களுக்கு நடுவே செருகி, மூடியை அழுத்தி மூடினேன். உயிரியல் படித்தவர் யாரும் அதில் குறை காணமாட்டார். ஆனால் குளிர்பெட்டியைத் திறக்கிறவர்கள் எல்லாரும் உயிரியல் படித்தவர்கள் அல்லர்.

7. இங்கே எங்கள் துறையின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். யார் ஊருக்குப் போய்த் திரும்பினாலும் வெறுங்கையோடு வருவதில்லை. கொண்டுவந்ததை அலுவலகக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டுப் பேசாமல் போய்விடுவார்கள். பெயர் எழுதி வைப்பதை, நான்தான் கொண்டுவந்தேன் என்று தம்பட்டம் அடிப்பதாக நினைப்பார்கள். பெயரில்லாத டப்பா என்றால் அது எல்லாருக்கும் பொது. பேராசிரியர் தும்லாவ் அவர்கள் வீட்டுப் பூண்டுத் தொத்திறைச்சியை மூன்றாண்டாக நானும் அப்படித்தான், யாருடையது என்று கேட்காமல் உண்டு வந்திருக்கிறேன். அதுவரை எனக்கு இந்த வழக்கத்தின் மீது எந்த ஆட்சேபனையும் இருந்ததில்லை.

8. பிப்ரவரி 21, வெள்ளிக்கிழமை. தரமதிப்பீட்டுக் குழுவினர் மூவர் துறைக்கு வந்தார்கள். தாங்களே அவர்களை அழைத்துவந்தீர்கள். மூன்று மணிச் சிற்றுண்டிக்கு உணவுக்கூடத்தில் சொல்லியிருந்த நூடுல்ஸ் தட்டுகள் தவறுதலாகச் செவிலியர் துறைக்குப் போய்ச் சேர்ந்தன. அங்கேயும் இதே வழக்கம் இருப்பதால் அவர்கள் ஒன்றும் கேட்காமல் உண்டுவிட்டார்கள். துறை எழுத்தர் திருமதி நெனிதா கலினாத்தோ, நாங்கள் எல்லாரும் மனாங் நெனிதா என்று மூத்த சகோதரியாக அழைக்கிறவர், மணி இரண்டே முக்காலுக்கு வெறும் காப்பிக் கோப்பைகளோடு நின்றார். விருந்தாளிக்கு வெறும் காப்பி கொடுத்து அனுப்புவதை அவர் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. குளிர்பெட்டியைத் திறந்தார். கண்ணெதிரே ஏறக்குறைய ஒன்றேகால் கிலோ சபாங்கான் இப்போன், அதுவும் பருவம் முடியும் நேரத்து இப்போன்.

9. அவர் அதை முட்டையும் இஞ்சியும் தக்காளியும் சேர்த்துத் துறையின் மின்அடுப்பில் வட்ட வட்டமாகப் பொரித்து, கரும்புக் காடியோடு பரிமாறினார். அன்றைய பிற்பகல் வகுப்பு முடிந்து நான் நுழைந்தபோது அறை முழுக்க அந்த மணம். விருந்தினர்களில் ஒருவர் கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொண்டு, "மணிலாவுல இது கெடைக்காது" என்று வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார். மனாங் நெனிதா என் கையில் ஒரு தட்டைத் திணித்து, "எங்க போன நீ இவ்ளோ நேரம்? சூடா இருக்கு, தின்னு" என்றார்.

10. ஐயா, இந்தப் பத்தியை எழுதாமல் விட்டுவிடலாம் என்று நான்கு நாள் யோசித்தேன். என் நெறியாளர், "எழுது, தரவ மறைக்கக் கூடாது" என்றார். ஆகவே எழுதுகிறேன். நானும் உண்டேன். இரண்டு துண்டு. நன்றாக இருந்தது. யார் ஊரிலிருந்து வந்தது, எங்கள் ஊர் இப்போன்போலவே இருக்கிறதே என்றும் கேட்டேன். அப்போதுதான் மனாங் நெனிதா தன் மேலங்கிப் பையிலிருந்து, கழுவிக் காயவைத்த ஒரு சிறு கெட்டித் தாளை எடுத்து, "இது உள்ள கெடந்துச்சு. ஏதோ முக்கியமானது மாதிரி இருக்கேன்னு எடுத்து வச்சேன். கையெழுத்து உன்னோடது மாதிரி இருக்கு, பாரு" என்று நீட்டினார். பென்சில் எழுத்து ஓர் எழுத்தும் அழியவில்லை. அந்தச் சீட்டு இணைப்பு 1 ஆக உள்ளது. அடையாளச் சீட்டை உள்ளே வைக்கும் முறை எவ்வளவு உறுதியானது என்பதற்கு இதைவிடச் சான்று கிடைக்காது.

11. நான் அழுதேன். மறைக்க ஒன்றுமில்லை. மனாங் நெனிதா என்னைவிட அதிகம் அழுதார். "சட்டியில போட்டத திருப்பி எடுக்க முடிஞ்சா இப்பவே எடுத்திருவேனே" என்று சொல்லிச் சொல்லி அழுதார். மறுநாள் காலை ஐஸ்கிரீம் டப்பா விளக்கித் துடைக்கப்பட்டு என் அறை வாசலில் இருந்தது. உள்ளே வாழையிலையில் சுற்றிய புட்டரிசிப் பலகாரம் பத்து. பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தருவதை அவரால் அன்றைக்கும் செய்ய முடியவில்லை.

12. இனி, நம்பிக்கை தருகிற பகுதிக்கு வருகிறேன். இப்போனைக் கழுவும்போது வேறு குஞ்சுகளைப் பொறுக்கி விலக்குவது எங்கள் பக்கத்துச் சமையல் வழக்கம். மனாங் நெனிதாவும் அன்று அவசரத்திலும் அப்படிச் செய்தார். "கண்ணு பெருசா இருந்ததையும், வால்ல கருப்பா கோடு போட்டிருந்ததையும் தனியா எடுத்துட்டேன். அது இப்போன் இல்ல, கசக்கும்" என்றார். தூக்கி எறிந்தீர்களா என்று கேட்டேன். "எறிவேனா? கண்ணாடித் தொட்டியில இருக்குற மீனுக்குப் போடலாம்னு மிளகு குப்பியில எடுத்து உறைதட்டுல வச்சிருக்கேன்" என்றார். எண்ணினேன். நாற்பத்து மூன்று குஞ்சுகள். அவற்றில் பதினோரு குஞ்சுகளின் வாலடியில் கரும்பட்டை இருந்தது. ஐந்து மாதத்துப் பதினோராயிரம் குஞ்சுகளில் அந்தப் பட்டையுள்ள ஒன்றைக்கூட நான் கண்டதில்லை.

13. முனைவர் தாபியோஸ் ஒரு மணி நேரம் நுண்ணோக்கியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. பிறகு, "இது பருவம் முடியுறப்போ மட்டும் வர்ற வேற வகையா இருக்கலாம். இருக்கலாம்னுதான் சொல்றேன். பதினோரு மீன வச்சு எதையும் சொல்ல முடியாது. இன்னும் வேணும்" என்றார். நான்காண்டில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றுதான். மாதிரி முழுதாக என்னிடம் இருந்திருந்தால் இந்தப் பதினொன்றையும் நான் நிச்சயம் கண்டிருப்பேன். ஆனாலும் என் ஆய்வின் மிக நல்ல பக்கத்தை சமைக்கிறவர் ஒருவரின் கண்தான் முதலில் கண்டது என்பதைப் பதிவு செய்வது முறை.

14. அந்த நாற்பத்து மூன்றைப் பாதுகாக்க அன்று ஸ்பிரிட் இல்லை. வாயிலுக்கு எதிர்ப்புறக் கடையில் ஒரு குப்பி ஜின் வாங்கி அதில் இட்டுவைத்திருக்கிறேன். வளாகத்துக்குள் மது கூடாது என்ற விதி எனக்குத் தெரியும். அதை மீறியதற்குத் தனியே மன்னிப்புக் கோருகிறேன். குப்பியின் வெளியே, இம்முறை வெளியேயும், "மாதிரி. உண்ணவும் அருந்தவும் கூடாது" என்று பெரிய எழுத்தில் ஒட்டியுள்ளேன்.

15. பிப்ரவரி 27 அன்று பார்வை (அ) ஆணை வந்தது. அதில் "மாணவியின் கவனக்குறைவால் மாதிரிகள் இழக்கப்பட்டன, ஆய்வேடு முடிவுறாதது" என்று உள்ளது. மாதிரிகள் இழக்கப்படவில்லை, உண்ணப்பட்டன. இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. ஆணையில் கையொப்பமிட்டவர்களும் அன்று தட்டேந்தியவர்களே. இதை நான் மரியாதைக் குறைவாகச் சொல்லவில்லை, அவர்களே ஒப்புக்கொண்டதைத்தான் சொல்கிறேன். பேராசிரியர் தும்லாவ் அவர்களைச் சென்று பார்த்தேன். கண்டிப்பானவர், ஆனால் நியாயமானவர். "நானும் சாப்பிட்டேன், இல்லேங்கல. மூணு துண்டு. அதுக்காக இல்லாத மீன எண்ணிட்டேன்னு கையெழுத்துப் போட முடியுமா, ஜோவலின்?" என்று கேட்டார். முடியாது என்றேன். நானாக இருந்தாலும் போட்டிருக்கமாட்டேன்.

16. பிறகு அவரே நாட்காட்டியைப் புரட்டினார். மார்ச் 14 பௌர்ணமி. ஏழாம் நாள் மார்ச் 21. மார்ச்சில் இப்போன் வருமா என்று கேட்டார். அப்பாவுக்குத் தொலைபேசியில் பேசினேன். "கொஞ்சமா வரும். கடைசிப் பந்தி மாதிரி. மூணு நாளு, அதுக்கு மேல இல்ல. நீ வா, வலைய எடுத்து வைக்கறேன்" என்றார். மார்ச் மாதிரி கைக்கு வந்தால், பிப்ரவரியின் எடைக் குறிப்பையும் எஞ்சிய நாற்பத்து மூன்றையும் அதோடு சேர்த்து ஏற்றுக்கொள்வதாகப் பேராசிரியர் எழுத்தில் தந்திருக்கிறார் (இணைப்பு 2). ஆனால் ஆய்வேடு சமர்ப்பிக்கக் கடைசி நாள் மார்ச் 17. அதை மாற்றும் அதிகாரம் துறைக்கு இல்லை, தங்களுக்கே உண்டு. மீன் வருவது நான்கு நாள் கழித்து.

17. இதில் எனக்கு என்ன நட்டம் என்று தாங்கள் கேட்கலாம். பெரிய பல்கலைக்கழகமாக இருந்தால் அடுத்த பருவத்தில் மீண்டும் எழுதிக்கொள்ளலாம். இங்கே எங்களுக்கு அடுத்த வகுப்பில் இருப்பவர்கள் நான்கு பேர், ஆகவே ஆய்வேட்டுப் பாடம் ஓராண்டு விட்டு ஓராண்டுதான் நடத்தப்படுகிறது. இன்று முடிவுறாவிட்டால் நான் மறுபடி கழிமுகத்தில் நிற்பது 2026 செப்டம்பரில், பட்டம் பெறுவது 2027-இல். என்னோடு சேர்ந்த எட்டுப் பேரும் ஜூனில் மேடையேறும்போது நான் கீழே உட்கார்ந்து கைதட்டுவேன். நன்றாகவே தட்டுவேன், அவர்கள் என் நண்பர்கள். ஆனால் ஆறு மாதம் முதல் வலையை விட்டுக்கொடுத்த சபாங்கான்காரர்கள் அன்று ஜீப்பில் வருவதாக இப்போதே இடம் பேசிவைத்திருக்கிறார்கள். அவர்களிடம், உங்கள் மீனைக் கொண்டுபோனேன், தின்றுவிட்டோம் என்று மட்டும் சொல்லி நிறுத்த எனக்கு மனமில்லை. அதில் என்ன கண்டேன் என்பதையும் சொல்ல விரும்புகிறேன்.

18. மனாங் நெனிதாவைப் பற்றி. பார்வை (ஆ) குறிப்பாணை அவரைப் பணியிடை நீக்கம் ஏன் செய்யக்கூடாது என்று கேட்கிறது. அவர் பதில் எழுத மூன்று முறை உட்கார்ந்து மூன்று முறையும் எழுந்துவிட்டார். "என்னன்னு எழுதறது? விருந்தாளி வந்தாங்க, பசியோட அனுப்ப மனசு வரலேன்னா?" என்கிறார். அதுதான் உண்மை, அதுவே விளக்கமும். பாதிக்கப்பட்டவள் நான். எனக்கு அவர் மீது புகார் இல்லை. அவரை நீக்கினால், அடுத்த ஆண்டு மாணவர்கள் குளிர்பெட்டியில் எதை வைத்தாலும் அது அப்படியே இருக்கும், உண்மைதான். அதைத் திறந்து பார்த்து நீ சாப்பிட்டாயா என்று கேட்கத்தான் யாரும் இருக்கமாட்டார்கள்.

19. இனி ஒரு நுட்பமான விஷயம். பிப்ரவரி 21 சிற்றுண்டியில் தாங்கள் மூன்றாம் துண்டை எடுக்கும்போது, "இத யாரு கொண்டாந்தா? அந்தப் பிள்ளைய பாஸ் பண்ணி விடுங்கப்பா" என்று சொன்னதாக நான் வருவதற்கு முன் அங்கிருந்த ஒன்பது பேரும் ஒரே மாதிரி நினைவுகூர்கிறார்கள். அது வேடிக்கைப் பேச்சு என்பதை நான் நன்கு அறிவேன். அதை வாய்மொழி ஆணையாகக் கொள்ளும்படி நான் கேட்கவில்லை. மீனைக் கொண்டுவந்த பிள்ளை யார் என்ற தங்கள் கேள்விக்கு அன்று யாரும் பதில் சொல்லவில்லை என்பதால், தாமதமாகவேனும் பதில் சொல்லிவிடுகிறேன். நான்தான், ஐயா.

20. ஆகவே அடியிற்கண்டவற்றைப் பணிவோடு வேண்டுகிறேன். ஆய்வேடு சமர்ப்பிக்கும் கடைசி நாளை என் பொருட்டு மார்ச் 31 வரை நீட்டித்தருள வேண்டும். இருபத்தோராம் தேதி மீன் கிடைத்தால் எண்ணி எழுத ஒன்பது நாள் போதும், தூக்கம் குறையும் என்பதைத் தவிர வேறு இடையூறு இல்லை. ஆணையில் உள்ள "மாணவியின் கவனக்குறைவால்" என்ற சொற்களை "எல்லாருடைய கவனக்குறைவாலும்" என்று திருத்தினால் போதும், என் பங்கை நான் மறுக்கவில்லை. மனாங் நெனிதா மீதான குறிப்பாணையைத் திரும்பப் பெற வேண்டும். கடைசியாக, ஸ்பிரிட் சீட்டில் ஒரு கையொப்பம் வேண்டும். மூலச் சீட்டைத் தேடும் சிரமம் தங்களுக்கு வேண்டாம் என்று புதிதாக ஒன்று எழுதி இணைத்திருக்கிறேன்.

21. மார்ச் 21 விடியலில் நான் இரண்டு டப்பாக்களோடு கழிமுகத்தில் நிற்பேன். ஒன்று ஆய்வுக்கு. அதன் உள்ளேயும் வெளியேயும் மூடியிலும் சீட்டு இருக்கும். மற்றொன்று துறைக்கு. அதில் வழக்கப்படி பெயர் இருக்காது. அன்று மூன்று மணிக்குத் தாங்கள் இந்தப் பக்கம் வந்தால் மனாங் நெனிதா மகிழ்வார்.

தங்கள் முடிவை மார்ச் 17-க்குள் எதிர்நோக்கி, மீன் வந்தே தீரும் என்ற நம்பிக்கையோடு,

தங்கள் பணிவுள்ள மாணவி,
(ஒப்பம்)
ஜோவலின் ஏ. பக்டிலாவ்

இடம்: சான் வெனான்சியோ
நாள்: 6 மார்ச் 2025

துறைத் தலைவரின் மேற்குறிப்பு: படித்தேன். பத்தி 15-இல் மூன்று துண்டு என்று உள்ளது, நான்கு. மற்றவை சரி. பரிந்துரைத்து அனுப்புகிறேன். – தும்லாவ்

இணைப்புகள்:
1. பிப்ரவரி மாதிரியின் அடையாளச் சீட்டு, மூலம். சிறிது இஞ்சி மணம் உள்ளது.
2. மார்ச் மாதிரியை ஏற்பது குறித்த துறைத் தலைவரின் கடிதம்.
3. ஸ்பிரிட் கோரும் சீட்டு, புதியது. தங்கள் கையொப்பத்துக்குரிய இடத்தில் பென்சிலால் சிறு குறி இட்டுள்ளேன்.
4. "பிப்ரவரி 21 அன்று மேற்படி மாதிரிகளை அறியாமல் உண்டோம்" என்னும் கூட்டு வாக்குமூலம். விருந்தினர் மூவரைச் சாட்சிக்கு இழுப்பது மரியாதை அல்ல என்பதால் அவர்களைச் சேர்க்கவில்லை. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் பதினோரு பேர்: நெறியாளர், துறைத் தலைவர், மனாங் நெனிதா, விருந்தினரை ஏற்றிவந்த தங்கள் அலுவலக வேன் ஓட்டுநர், நாற்காலி அடுக்க வந்த மாணவர்கள் ஐவர், நான். பத்துக் கையொப்பங்கள் பெறப்பட்டுள்ளன. முதல் வரி, பதவியின் மூப்புக் கருதி, வெறுமையாக விடப்பட்டுள்ளது.